147 மதிப்பெண் வாங்கிய மகள்: சி.ஏ. தேர்வு விதிகள் பற்றி ஒரு தந்தைக்குப் பதில்

கரூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு சி.ஏ. எனும் பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வை முதல் முயற்சியிலேயே தாண்டியவள். ஜனவரியில் அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் முதல் குரூப்பை, அதாவது முதல் மூன்று தாள்களை, எழுதினாள். மார்ச்சில் முடிவு வந்தது. அட்வான்ஸ்டு அக்கவுண்டிங் 66, சட்டத்தாள் 43, வரித்தாள் 38. மொத்தம் 147. தேர்ச்சி இல்லை. "மூன்று மதிப்பெண்தானே குறைகிறது, விடைத்தாளை மறுபடி திருத்தச் சொல்ல முடியாதா? ஒரு தாளில் எக்ஸெம்ப்ஷன் கிடைத்திருக்கிறது என்கிறாள், அதனால் என்ன பயன்? மே மாதத்தில் இரண்டு குரூப்பையும் சேர்த்தே எழுதச் சொல்லட்டுமா? பெண்பிள்ளைக்கு இவ்வளவு நீண்ட படிப்பு எதற்கு என்று வீட்டில் பேச்சு எழுகிறது. எத்தனை முறைதான் எழுத விடுவார்கள்?" என்பவை அவருடைய கேள்விகள்.

ஐயா, முதலில் ஒரு கணக்கைச் சரிசெய்துகொள்வோம். உங்கள் மகளுக்குக் குறைந்தது வெறும் மூன்று மதிப்பெண் அல்ல. இந்தத் தேர்வில் தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள் ஒன்றாக நிறைவேற வேண்டும். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 மதிப்பெண். குரூப்பின் மொத்தத்தில் குறைந்தது 50 விழுக்காடு, அதாவது மூன்று தாளுக்கும் சேர்த்து 150. உங்கள் மகள் வரித்தாளில் 38 வாங்கியதால் முதல் நிபந்தனையும், மொத்தம் 147 என்பதால் இரண்டாவது நிபந்தனையும் தவறிவிட்டன. கணக்குத்தாளில் அவள் இன்னும் 10 மதிப்பெண் கூடுதலாக வாங்கி மொத்தம் 157 ஆகியிருந்தாலும் தேர்ச்சி கிடைத்திருக்காது. வரித்தாளின் 38 தனியாக நின்று தடுத்திருக்கும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அடுத்த இரண்டு மாதம் அவள் எந்தப் புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது.

நான் சி.ஏ. முடித்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள் பயிற்சி, அதாவது கணக்காளரிடம் சேர்ந்து பெறும் செய்முறைப் பயிற்சி, செய்த பிள்ளைகள் பலர். நன்றாகப் படித்தும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று இழந்தவர்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேருக்குப் பாடம் தெரியாமல் இல்லை, தேர்வின் விதி தெரியவில்லை. அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மறுமதிப்பீடு பற்றிய கேள்விக்கு வருகிறேன். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தேர்வில் மறுமதிப்பீடு என்பதே கிடையாது. நம் பல்கலைக்கழகங்களில் பணம் கட்டினால் இன்னொரு பேராசிரியர் திருத்துவாரே, அந்த ஏற்பாடு இங்கே இல்லை. 1988-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் ஒழுங்குமுறை விதிகள் அனுமதிப்பது சரிபார்ப்பு மட்டும். எழுதிய விடைகள் எல்லாம் திருத்தப்பட்டிருக்கின்றனவா, ஏதாவது விடை விடுபட்டதா, கூட்டல் சரியா என்று பார்ப்பார்கள். முடிவு வெளியான நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். தாளுக்கு 100 ரூபாய் கட்டணம். தவறு இருப்பது தெரிந்தால் மதிப்பெண்ணைத் திருத்தி, கட்டிய பணத்தையும் திருப்பித் தருவார்கள். வரித்தாளுக்கு விண்ணப்பியுங்கள், அதில் இழப்பு எதுவும் இல்லை. ஆனால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. சரிபார்ப்பின் பதில் வருவதற்குள் மே மாதத் தேர்வுக்கான விண்ணப்பத் தேதி முடிந்துபோகும். பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்து ஒரு தேர்வையே விட்டவர்கள் உண்டு.

சரிபார்ப்பைவிட நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. திருத்தப்பட்ட விடைத்தாளின் சான்றளிக்கப்பட்ட நகலை மாணவரே கேட்டு வாங்கலாம். தாளுக்கு 500 ரூபாய், இதற்கும் ஒரு மாதக் கெடு உண்டு. தேர்வு எழுதியவர் தன்னுடைய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை உள்ளவர் என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்த நிறுவனமே வழக்காடிய இன்னொரு வழக்கில், திருத்துபவர்களுக்குக் கொடுக்கும் அறிவுரைகளை மாணவருக்குக் காட்ட வேண்டியதில்லை என்றும் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே எப்படித் திருத்தச் சொன்னார்கள் என்பதை அறிய முடியாது. எப்படித் திருத்தினார்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளலாம். நகலைக் கேட்பது தேர்வு எழுதியவரின் உரிமை, சண்டைக்குப் போவது ஆகாது. தயங்காமல் வாங்கச் சொல்லுங்கள்.

இனி எக்ஸெம்ப்ஷன். விலக்கு என்று தமிழில் சொல்லலாம். குரூப்பில் தேர்ச்சி பெறாவிட்டாலும், அதில் ஏதேனும் ஒரு தாளில் 60 அல்லது அதற்கு மேல் வாங்கியிருந்தால், அந்தத் தாளைத் திரும்ப எழுத வேண்டாம். உங்கள் மகளுக்குக் கணக்குத்தாளில் கிடைத்திருப்பது இதுதான். அந்த குரூப்பின் எல்லாத் தாள்களையும் போய் எழுதியிருந்தால்தான் இந்த விலக்கு கிடைக்கும். சில பிள்ளைகள் "இரண்டு தாளில் மட்டும் கவனம் செலுத்தி விலக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று மூன்றாவது தாளுக்குப் போகாமலே இருந்துவிடுவார்கள். 75 வாங்கியிருந்தாலும் அவர்களுக்கு விலக்கு கிடையாது. தெரிந்தோ தெரியாமலோ உங்கள் மகள் மூன்று நாளும் போய் எழுதியது நல்லதாயிற்று.

விலக்கு பெற்ற தாளின் 66 மதிப்பெண் காணாமல் போவதில்லை. அடுத்த முறை குரூப்பின் மொத்தத்தைக் கணக்கிடும்போது அந்த 66 உடன் வரும். அப்படியானால் மே மாதத்தில் அவளுக்குத் தேவை 150-ல் 66 போக 84. சட்டம், வரி இரண்டிலும் சேர்த்து 84. ஒவ்வொன்றிலும் 40-க்குக் குறையாமல். 42-ம் 42-ம் போதும். 44-ம் 40-ம் போதும். இந்த முறை இதே இரண்டு தாளிலும் அவள் எடுத்தது 81. உங்கள் வீட்டில் தோல்வி என்று பேசிக்கொண்டிருக்கிற விஷயத்தின் உண்மையான அளவு இவ்வளவுதான். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அவள் படிக்கும் மேசைக்கு எதிரே ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்: 84.

இதில் பலரும் இடறுகிற ஓர் இடம் உண்டு. "சட்டத்தில்தான் 43 வாங்கிவிட்டேனே, வரியை மட்டும் எழுதினால் போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. அடுத்த தேர்வுக்குக் கைமாறுவது 60-ம் அதற்கு மேலும்தான். 43 அந்தத் தேர்வோடு முடிந்துபோனது. மீதமுள்ள இரண்டு தாளையும் ஒரே தேர்வில் எழுதி, ஒரே தேர்வில் இரண்டு நிபந்தனைகளையும் நிறைவேற்ற வேண்டும். ஆகவே வரி, வரி என்று அதையே பிடித்துக்கொண்டு சட்டத்தைக் கைவிட்டால், மே மாதத்தில் வரியில் 48-ம் சட்டத்தில் 35-ம் வந்து, தாள் மாறி அதே இடத்தில் நிற்பாள்.

விலக்குக்கு ஆயுள் உண்டு. முதல் முறை எழுதியதற்கு அடுத்து வரும் மூன்று தேர்வுகள். நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்த மூன்று தேர்வுகள் கழிந்தால் விலக்கின் இந்தச் சலுகை வடிவம் முடிந்தது. முன்பு ஆண்டுக்கு இரண்டு தேர்வு இருந்த காலத்தில் மூன்று தேர்வு என்றால் ஒன்றரை ஆண்டு. இப்போது இன்டர்மீடியட் தேர்வு ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. எனவே அதே மூன்று வாய்ப்பு ஓராண்டில் முடிந்துவிடுகிறது. வாய்ப்புகள் அதிகமாகிவிட்டன என்று எல்லோரும் மகிழ்கிறார்கள், மகிழ வேண்டியதுதான். ஆனால் விலக்கின் கடிகாரமும் வேகமாக ஓடுகிறது என்பதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

என் கதையையே சொல்கிறேன். இறுதித் தேர்வில் ஒரு தாளில் 63 வாங்கி விலக்கு பெற்றிருந்தேன். ஆர்ட்டிகிள் முடிந்து வேலையில் சேர்ந்த புதிது. முதல் வாய்ப்பில் வேலை மிகுதி என்று போகவில்லை. இரண்டாவது வாய்ப்பில் போய் நான்கு மதிப்பெண்ணில் விட்டேன். மூன்றாவதன்போது வீட்டில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. அதற்கடுத்த முறை விண்ணப்பத்தைத் திறந்தபோது, எழுதி முடித்துவிட்டதாக நான் நினைத்திருந்த அந்தத் தாள் மற்ற தாள்களோடு மறுபடி வரிசையில் நின்றது. அன்று இரவு எனக்கு உறக்கமே வரவில்லை. போகாமல் விட்ட அந்த முதல் வாய்ப்புதான் இன்றைக்கும் மனத்தை அறுக்கிறது. அதனால்தான் உங்கள் மகள் மே மாதத்தில் கட்டாயம் எழுத வேண்டும் என்கிறேன்.

2023 ஜூலையில் வந்த புதிய பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு நீட்டிப்பு இருக்கிறது. மூன்று வாய்ப்பும் கழிந்த பிறகு, விரும்பினால் அந்தத் தாளின் விலக்கை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பிறகு மீதமுள்ள ஒவ்வொரு தாளிலும் 40 போதாது, 50 வாங்க வேண்டும். இப்போது 42-ம் 42-ம் போதுமென்ற நிலையில் இருக்கிற பெண், ஓராண்டு கழித்து 50-ம் 50-ம் வாங்க வேண்டிய நிலைக்குப் போவாள். அது கைகொடுக்கும் ஏற்பாடுதான், ஆனாலும் அங்கே போய்ச் சேராமலிருப்பதே நல்லது.

இன்னொரு விதியும் இவளுக்கு நேரடியாகப் பொருந்தும். ஒரு குரூப்பில் ஒரு விலக்கு கையில் இருக்கும்வரை, அதே குரூப்பில் புதிதாக இன்னொரு விலக்கு தரமாட்டார்கள். மே மாதத்தில் சட்டத்தில் 70 வாங்கி, வரியில் 39 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 70-க்கு விலக்கு கிடையாது. செப்டம்பரில் சட்டத்தையும் மறுபடி எழுத வேண்டும். ஆகவே இந்த முறை ஒரு தாளில் உச்சிக்கு ஏறுவதில் பயனில்லை. இரண்டிலும் 50-ஐ ஒட்டி நிற்கும்படி படிப்பதே அவளுக்குச் சரியான வழி.

இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதுவது பற்றிக் கேட்டீர்கள். அதில் உண்மையாகவே ஒரு லாபம் உண்டு. ஒரே தேர்வில் இரண்டு குரூப்பும் எழுதுபவர், ஆறு தாளிலும் 40-க்குக் குறையாமல் வாங்கி, ஆறுக்கும் சேர்த்து 300 எடுத்துவிட்டால், ஒரு குரூப்பில் 150-க்குக் குறைந்திருந்தாலும் இரண்டிலும் தேர்ச்சி. முதல் குரூப்பில் 138, இரண்டாவதில் 165 வாங்கியவர் மொத்தம் 303 என்பதால் இரண்டையும் தாண்டிவிடுவார். முதல் குரூப்பை மட்டும் தனியே எழுதியிருந்தால் அதே 138-க்குத் தோல்வி. செட் ஆஃப் என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். இந்த விதியைக் கேள்விப்பட்டு, தயாராகாத பிள்ளைகளும் இரண்டையும் எழுதக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டாவது குரூப்பின் பலம் முதலாவதைத் தூக்க வேண்டும் என்றால் அந்தப் பலம் இருக்க வேண்டுமல்லவா? செலவுக் கணக்கு, தணிக்கை, நிதி மேலாண்மையோடு வணிக உத்தி என்று மூன்று தாளையும் உங்கள் மகள் இன்னும் முறையாகத் தொடங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முடிவு வந்த நாளிலிருந்து மே தேர்வுக்கு இருப்பது ஏறக்குறைய இரண்டு மாதம். இதற்குள் மூன்று புதிய தாள்களைத் திணித்தால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் 84-ம் நழுவும்.

என் முடிவு இதுதான்: மே மாதத்தில் முதல் குரூப் மட்டும். தேர்வு முடிந்த மறுநாளே, முடிவுக்குக் காத்திராமல், இரண்டாவது குரூப்பைத் தொடங்கி செப்டம்பரில் அதை எழுதட்டும். புதிய திட்டத்தில் இன்டர்மீடியட்டின் இரண்டு குரூப்பும் முடிந்தால்தான் ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர முடியும். முன்பு போல ஒரு குரூப்போடு சேர்ந்துவிட வழியில்லை. அதனால் குரூப் இரண்டையும் ஆண்டுக்கணக்கில் பிரித்து இழுக்கவும் கூடாது. அவசரத்துக்கும் தாமதத்துக்கும் நடுவே இந்த மே, செப்டம்பர் வரிசை பொருந்தி வருகிறது. பயிற்சிக் காலமும் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது என்பதால், "இவ்வளவு நீண்ட படிப்பு" என்று உங்கள் உறவினர்கள் மனத்தில் வைத்திருக்கும் கணக்கும் பழையது.

அந்தப் பேச்சு பற்றி ஒன்று. 1933-இல் சென்னையில் ஆர். சிவபோகம் என்ற பெண் கணக்காளர் தேர்வில் வென்று, இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். இந்த நிறுவனமே பிறந்தது 1949-இல்தான். பின்னாளில் அதன் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கு அவர் தலைமையும் வகித்தார். பெண்பிள்ளைக்கு எதற்கு என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே பதில் சொல்லித் தொண்ணூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. யாராவது மறுபடி கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு, எண்ணிக்கையில் வரம்பு இல்லை. பதிவுக்குத்தான் காலவரம்பு. ஃபவுண்டேஷன் பதிவு நான்கு ஆண்டு, அதைப் புதுப்பிக்க முடியாது. இன்டர்மீடியட் பதிவு ஐந்து ஆண்டு, ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். ஆக, பதிவின் காலம் ஒரு நெருக்கடியே அல்ல.

விண்ணப்பம் பற்றிச் சுருக்கமாக. நிறுவனத்தின் இணைய வாயிலில் மகளின் கணக்கில் நுழைந்துதான் நிரப்ப வேண்டும். ஒரு குரூப்புக்கு 1,500 ரூபாய், இரண்டுக்கும் சேர்த்து 2,700. கெடு முடிந்தபின் சில நாள் மட்டும் 600 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு ஏற்பார்கள். அதன் பிறகு யார் சொன்னாலும் நடக்காது. மையத்தையோ குரூப்பையோ தவறாகக் குறித்துவிட்டால் திருத்திக்கொள்ளத் தனியாகச் சில நாள் திறந்திருக்கும். ஒளிப்படமும் கையெழுத்தும் தெளிவாக இருக்கின்றனவா என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள். கணக்குத்தாளின் விலக்கு அந்தப் படிவத்திலும், பிறகு வரும் ஹால் டிக்கெட்டிலும் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவள் பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவள் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழில் எழுத இடமில்லை. இது எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை. வேலூரிலும் தூத்துக்குடியிலும் கணக்கை விரல்நுனியில் வைத்திருக்கும் பிள்ளைகள், சட்டத்தாளில் ஒரு பத்தி எழுத முடியாமல் 32-ம் 35-ம் வாங்கி நிற்பதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. விதி மாறும்வரை செய்யக்கூடியது ஒன்று. சட்டத்தாளில் அழகான ஆங்கிலத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சட்டம் என்ன சொல்கிறது, கேள்வியில் நடந்தது என்ன, ஆகவே முடிவு என்ன என்று மூன்று சிறு பத்திகளாக, எளிய வாக்கியங்களில் எழுதிப் பழகட்டும். பிரிவு எண் உறுதியாகத் தெரிந்தால் போடட்டும். ஐயம் இருந்தால் எண்ணை விட்டுவிட்டுச் சட்டத்தின் கருத்தை மட்டும் எழுதட்டும். தினமும் இரண்டு விடை கையால் எழுதினால் இரண்டு மாதத்தில் கை பழகிவிடும்.

தேர்வு அறையின் விதிகளுக்கு வருவோம். தேர்வு மதியம் 2 மணிக்கு. 1.45-க்கே வினாத்தாளைக் கொடுத்து, படித்துப் பார்க்கப் பதினைந்து நிமிடம் தருவார்கள். 2.30-க்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தை இழந்தாலே பாதி இழந்ததுபோல. எந்த வினாவை விடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். கணக்குப்பொறி கொண்டுபோகலாம், ஆனால் பேட்டரியில் இயங்குவதாக, ஒலி எழுப்பாததாக, அதிகபட்சம் ஆறு செயல்பாடு, பன்னிரண்டு இலக்கம், இரண்டு நினைவகம் உள்ளதாக இருக்க வேண்டும். கல்லூரியில் வைத்திருந்த சயின்டிஃபிக் கால்குலேட்டரைப் பழக்கத்தில் எடுத்துப்போனால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், பிறகு மூன்று மணி நேரம் கையால் பெருக்க வேண்டியதுதான். கைப்பேசியும் ஸ்மார்ட் வாட்சும் அணைத்து வைத்திருந்தாலும் குற்றம்தான். அருகில் இருந்ததே போதும், பயன்படுத்தினார்களா என்று பார்க்கமாட்டார்கள்.

நம் பிள்ளைகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை. விடைத்தாளுக்குள் எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. உரிய இடம் தவிர வேறெங்கும் பதிவெண் கூடாது. "தயவுசெய்து தேர்ச்சி போடுங்கள்" என்ற வேண்டுகோள் கூடாது. மதக்குறியும் சாமி பெயரும் கூடாது. இவை முறைகேடாகவே கருதப்படும், தேர்வு முடிவையே ரத்து செய்யலாம். பிள்ளையார் சுழி போடாமல் எந்தத் தாளையும் தொடங்காத கைகள் நம்முடையவை. என் முதல் தேர்வன்று பேனா முனை தாளின் மேல்பகுதிக்குத் தானாகவே போனது, கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டேன். மனத்துக்குள் போட்டுக்கொள்ளலாம், தாளில் வேண்டாம் என்று அவளிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதும் போடாமல் பழகட்டும்.

வினாத்தாளில் 30 மதிப்பெண் நிகழ்வு அடிப்படையிலான கொள்குறி வினாக்களுக்கு, 70 விரிவான விடைகளுக்கு. கொள்குறி வினாக்களின் விடையை ஓ.எம்.ஆர். தாளில் குறிக்க வேண்டும், விடைப்புத்தகத்தில் எழுதினால் பார்க்கமாட்டார்கள். ஃபவுண்டேஷனின் மூன்றாம், நான்காம் தாளில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழித்தார்களே, இன்டர்மீடியட்டில் அந்தக் கழிவு இல்லை. பழைய பயத்தில் இங்கேயும் வட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்றைக்கூட விடாமல் நிரப்பச் சொல்லுங்கள். விரிவான பகுதியில், கேட்டதற்கு அதிகமாக வினாக்களுக்கு விடை எழுதினால், முதலில் எழுதியவற்றை மட்டுமே எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்துவார்கள். நல்லதைத் தேர்ந்தெடுத்து மதிப்பெண் போடமாட்டார்கள். பிறகு எழுதியது சிறந்தது என்று நினைத்தால், முன்பு எழுதியதைத் தெளிவாகக் குறுக்கே அடித்துவிட வேண்டும்.

வரித்தாளில் வருமான வரிக்கு 50, ஜி.எஸ்.டி.க்கு 50. இரண்டுக்கும் தனித்தனியே குறைந்தபட்சம் கிடையாது, சேர்த்து 40 வந்தால் போதும். ஜி.எஸ்.டி. பகுதியின் பாடம் ஒப்புநோக்கச் சிறியது. 38-இல் நிற்பவர் தன் மதிப்பெண்ணைச் சீக்கிரம் உயர்த்தக்கூடிய இடம் அதுதான் என்பது என் அனுபவம். ஆனால் வரித்தாளில் பாடம் படிப்பதற்கு முன்பே ஒன்றைப் பார்க்க வேண்டும். எந்தத் தேதிவரையிலான சட்டத் திருத்தங்கள் அந்தத் தேர்வுக்குப் பொருந்தும் என்று நிறுவனம் ஒவ்வொரு தேர்வுக்கும் அறிவிக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 நடைமுறைத் தேதியாகக் குறிக்கப்பட்டது. ஒரு சட்டம் நடைமுறைக்கு வரும் நாளும் அது தேர்வுப் பாடத்தில் சேரும் நாளும் ஒன்றல்ல. இந்த இடைக்காலத்தில் அக்காவிடமும் நண்பர்களிடமும் வாங்கிய பழைய புத்தகம் ஆபத்தானது. அந்தத் தேர்வுக்கென வெளியிடும் ரிவிஷன் டெஸ்ட் பேப்பரை இறக்கிக்கொண்டு, அதில் இருக்கும் திருத்தங்களை முதலில் படிக்கட்டும். அது இலவசம்.

இன்னொரு சிறிய சாதகமும் அவளுக்கு இருக்கிறது. கால அட்டவணையில் கணக்குத்தாள்தான் முதல் நாள். விலக்கு இருப்பதால் அன்று அவள் போக வேண்டியதில்லை. மற்றவர்கள் கணக்கு எழுதிவிட்டுக் களைத்து வந்து சட்டத்தைத் திறக்கும் நேரத்தில், இவள் சட்டத்தை இரண்டாம் முறை முடித்திருக்கலாம்.

நீங்கள் இன்று செய்ய வேண்டியது, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று படிவங்களையும் ஒரே இருக்கையில் முடிப்பது: மே தேர்வு விண்ணப்பம், வரித்தாளின் சரிபார்ப்பு, வரித்தாளின் நகல். நகல் வந்ததும் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், வருமானத்தைக் கணக்கிட்ட பக்கங்களை அவளோடு சேர்ந்து திருப்புங்கள். ஒவ்வொரு தொகையும் எப்படி வந்தது என்ற குறிப்பை விடையின் கீழே எழுதியிருக்கிறாளா, இல்லை கால்குலேட்டரிலேயே போட்டுவிட்டு இறுதித் தொகையை மட்டும் எழுதியிருக்கிறாளா என்று பாருங்கள். இந்தத் தேர்வில் படிப்படியாக மதிப்பெண் உண்டு, அந்தக் குறிப்புகளும் விடையின் பகுதிதான். இறுதித் தொகை தவறாகி, குறிப்பும் இல்லாமல் போனால் திருத்துபவரால் எதுவும் கொடுக்க முடியாது. என்னிடம் வந்த பிள்ளைகளின் நகல்களில் 36, 37, 38 என்று நின்ற வரித்தாள்களை நான் புரட்டியபோதெல்லாம், காணாமல் போன மதிப்பெண்கள் பெரும்பாலும் அந்த வெற்றிடத்தில்தான் இருந்தன.